ஆபரேஷன் சக்சஸ்... அப்புறம்?

'ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்'னு அரதப் பழசான ஜோக் ஒண்ணு உண்டு. இப்பல்லாம் பேஷண்ட் நல்லபடியாவே வீடு திரும்பறார். ஆனா ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, புது முட்டியும் பழைய விந்தலுமா ஹால் சோபாவுல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருக்கார். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது முட்டி மாத்தினவங்க இருப்பாங்க. அதுல எத்தனை பேர் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுத் தொங்காம மாடிப்படி இறங்கறாங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

என் கட்சி இதுதான். ஆபரேஷன் பாதி வேலை, மீதிப் பாதி பிசியோதெரபி. முதல் பாதிக்கு நகையை அடகு வெச்சாவது பணம் புரட்டற நாம, ரெண்டாவது பாதியை 'முடிஞ்சா பண்ணிக்கலாம்'னு விட்டுடறோம்.

முட்டி மாத்தற ஆபரேஷன் நம்ம வீட்டுப் பேச்சுல சகஜமானதுக்கு வாஜ்பாய் ஒரு முக்கியமான காரணம். பிரதமரா இருந்தப்பவே 2000 அக்டோபர்ல இடது முட்டி, 2001 ஜூன்ல வலது முட்டி, ரெண்டும் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில. பண்ணினது டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். அந்த டாக்டர் பேரு இன்னைக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள்லேர்ந்து கூட நின்னு நடக்க வெச்சவங்க பேரு யாருக்காவது தெரியுமா? நம்ம மனசுல பிசியோதெரபிஸ்டுக்கு இருக்கற இடம் அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கலாம். தையல் போட்ட அன்னிலேர்ந்து காயம் ஆற ஆரம்பிக்கும். தழும்பு வெளியில மட்டும் இல்லை, மூட்டுக்குள்ளேயும் உண்டாகும். அந்த வாரங்கள்ல காலை மடக்கி நீட்டலைன்னா மூட்டு அப்படியே இறுகிடும். ரொம்ப இறுகிட்டா மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டியிருக்கும். சமதரையில நடக்க முட்டி சுமார் 65 டிகிரி மடங்கினா போதும். படி ஏறி இறங்க, நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்க 90லேர்ந்து 100 வரைக்கும் வேணும். இன்னொரு விஷயம், தொடையோட முன்பக்கத் தசை. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மாசத்துல அதோட பலம் பாதிக்கும் கீழே போயிடுதுன்னு அளந்து பார்த்து எழுதியிருக்காங்க. டாக்டர் மூட்டை மாத்தித் தரலாம். தசையை அந்தக் காலுக்குச் சொந்தக்காரர்தான் சம்பாதிக்கணும்.

முட்டி மட்டும்னு இல்லை. பைபாஸ் பண்ணினவங்க கட்டில் பக்கத்துல மூணு பந்து வெச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா பார்த்திருப்பீங்க. பந்து மேலே எழும்பற மாதிரி மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வாங்க. அது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. நெஞ்சைத் திறந்து தைச்சவங்க வலிக்குப் பயந்து மேலோட்டமாத்தான் மூச்சு விடுவாங்க. நுரையீரலோட அடிப்பாகம் சுருங்கிப் போய் சளி கட்டி நிமோனியா வரைக்கும் போகலாம். அதைத் தடுக்கத்தான் அந்த டப்பா, இருமப் பழக்கறது, சீக்கிரமே எழுப்பி நடக்க விடறது எல்லாம்.

இதுக்கெல்லாம் குறுக்கே நிக்கறது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம பாசம்தான்! "அசையாதே, படுத்துக்கோ, நான் எடுத்துத் தரேன்." தண்ணி சொம்பு கைக்கு வரும், சாப்பாடு கட்டிலுக்கு வரும். முட்டிக்கு அடியில மெத்துன்னு ஒரு தலகாணி வேற. பார்க்கப் பரிவா இருக்கும், ஆனா மணிக்கணக்குல அப்படி வெச்சா கால் முழுசா நீட்ட வராமப் போயிடும். அதனாலதான் பிசியோக்காரங்க வந்ததும் முதல்ல அந்தத் தலகாணியை உருவறாங்க. அடுத்தது தைலம். ஊர்லேர்ந்து வந்த அத்தை கெண்டைக்காலைப் பிடிச்சு நீவி விட ஆரம்பிச்சா தயவுசெய்து தடுத்துடுங்க. உள்ளே ரத்தக்கட்டி இருந்தா அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகற அபாயம் உண்டு. பாதத்தை மேலும் கீழும் ஆட்டற சாதாரணப் பயிற்சியைச் செய்ய வைக்கிறதுதான் உண்மையான பரிவு.

அடுத்தது பணம். என் பெரியம்மாவுக்கு முட்டி மாத்தினது மூணு லட்சத்துச் சொச்சம். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். மந்தைவெளியில ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டிஸ்சார்ஜ் தாள்ல 'பிசியோ தொடரவும்'னு ஒத்தை வரி. எத்தனை நாள், எது வரைக்கும், யாரு? ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு ஒரு தடவைக்கு அறுநூறு ரூபாய்னதும் பெரியப்பா கணக்குப் போட்டு பத்தாம் நாளோட நிறுத்திட்டார். அதுக்கப்புறம் பெரியம்மா தெருவுக்கு இறங்கறது பங்குனித் திருவிழா மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு. அண்ணி சண்டை போட்டு மறுபடி அந்தப் பொண்ணையே கூப்பிட்டதுல ஓரளவு தேறினாங்க. ஆனா தொலைச்ச வாரங்கள் தொலைஞ்சதுதான், கால் இன்னும் முழுசா நீட்ட வரலை. "மூணு லட்சம் குடுத்தப்ப வலிக்கலைடா, அறுநூறு குடுக்கறப்பதான் வலிச்சுது"ன்னு அவங்களே சொல்லிச் சிரிக்கறாங்க.

பிசியோன்னா கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்காரங்க கண்டுபிடிச்ச எக்ஸ்ட்ரா பில்லுன்னு நினைக்கறவங்க வேலூர் பக்கம் திரும்பிப் பாருங்க. 1940கள் கடைசியில சி.எம்.சி.யில டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால மடங்கிப் போன விரல்களுக்கு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சார். நல்லா இருக்கற ஒரு தசைநாணை இடம் மாத்தி, செயலிழந்த விரலுக்கு இணைக்கணும். கட்டுப் பிரிச்சதும் விரல் தானா வேலை செய்யாது. பழைய தசைக்குப் புது வேலையைக் கத்துக் கொடுக்கணும், அது முழுக்க பயிற்சி. அந்த அறுவை சிகிச்சையைக் கத்துக்கிட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல ஒரு விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்தாங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. 1966ல வேலூர்ல மறுவாழ்வு மையத்தையும் தொடங்கினாங்க. ஏழை நோயாளிகளுக்காக நம்ம ஊர்ல வேர் விட்ட விஷயம் இது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துலயும் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றதை ஒரு அங்கமா வெச்சாங்க. அரசாங்கத்துக்கே புரிஞ்சது பெரியப்பாவுக்குப் புரியலை :-)

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். பிசியோன்னா நிறைய செலவு பண்ணினாத்தான் ஆச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆஸ்திரேலியாவுல முட்டி மாத்தின 165 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்குப் பத்து நாள் மறுவாழ்வு மையத்துல தங்கல், அப்புறம் வீட்டுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வீட்டுப் பயிற்சி மட்டும். ஆறு மாசம் கழிச்சு நடக்க விட்டுப் பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. 2017ல வெளியான ஆய்வு இது. 'அப்ப பிசியோ வேண்டாம்'னு இதைப் படிச்சுடாதீங்க. ரெண்டு குழுவுக்கும் பயிற்சி இருந்தது, சொல்லிக் கொடுத்துக் கண்காணிக்க ஆளும் இருந்தது. தங்கற அறைக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம், தினமும் செய்யற பயிற்சியை விட்டுடக் கூடாது. அவ்வளவுதான்.

'தினம் நடங்க'ன்னு சொல்லிடலாம், எங்கே நடக்கறது? மயிலாப்பூர் நடைபாதையில டிரான்ஸ்ஃபார்மர், பைக், பஜ்ஜிக் கடை எல்லாம் தாண்டி வாக்கரோட போறது சர்க்கஸ். நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி சமதரை பக்கத்துல இருந்தா அதிர்ஷ்டம். பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல அகலமான நடைபாதை திறந்தப்ப 'வண்டி எங்கே நிறுத்தறது'ன்னு புலம்பினவங்க நிறைய. கைத்தடியோட நடக்கற ஒரு பாட்டி கண்ணால பார்த்தா அது ஆஸ்பத்திரியோட நீட்சி.

அதனால ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க. பேக்கேஜ்ல பிசியோ எத்தனை நாள்? வீட்டுக்கு யார் வருவாங்க, முறையா பிசியோதெரபி பட்டம் படிச்சவங்களா? ரெண்டாவது வாரம் எவ்வளவு மடங்கணும், ஆறாவது வாரம் எவ்வளவு? இன்ஷூரன்ஸ்காரங்க கிட்டயும் கேளுங்க. 2020ல வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில வீடு திரும்பினதுக்கு அப்புறம் 60 நாள் மருத்துவச் செலவுக்கு இடம் வெச்சாங்க. உங்க பாலிசியில எத்தனை நாள், பிசியோ அதுல வருமான்னு எழுத்துல வாங்கிக்குங்க.

ஆபரேஷனுக்கு நாள், நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் பார்க்கறோம். அதே காலண்டர்ல அடுத்த ஆறு வாரத்துக்கு பிசியோ நேரத்தையும் குறிச்சு வெச்சுடுங்க.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை. எந்தப் பயிற்சி, எப்போ, எவ்வளவுன்னு உங்க காலைப் பார்த்தவங்க கிட்டதான் கேட்கணும். உங்க வீட்டு அனுபவம் என்னன்னு சொல்லிட்டுப் போங்க.