வீட்டில் படுத்திருப்பதற்குப் பெயர் புறக்கணிப்பா?



வாக்குப்பதிவு நாளில் கோட்டாறு கடைவீதியில் நின்று பாருங்கள். "நாம போட்டு என்ன ஆகப்போகுது? எவன் வந்தாலும் நம்ம பாடு இதுதான்" என்று தராசைத் துடைத்தபடியே சொல்லும் வியாபாரியைக் காண்பீர்கள். இடலாக்குடித் தேநீர்க் கடையில் இளைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். "நாம் நூற்றுக்கு நாலு பேர். சட்டமன்றத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? புறக்கணிப்பதே மேல்!" என்கிறார்கள்.

எண்ணிக்கை சரிதான். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 4.2 சதவீதம். ஆனால் புறக்கணிப்பு என்ற சொல்லை அவ்வளவு மலிவாகப் பயன்படுத்தாதீர்கள். இந்த மண் ஆண்ட சமஸ்தானத்திலேயே ஒரு புறக்கணிப்பு நடந்தது. அது என்னவென்று தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்!

நமது மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் தென்கோடி. சமஸ்தானங்களிலேயே முதலாவதாக 1888இல் சட்டசபை கண்ட நாடு என்ற பெருமை அதற்கு உண்டு. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் வந்தது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே யார் உட்கார்ந்தார்கள்? வாக்குரிமை பெரும்பாலும் நிலவரி ரசீதைப் பொறுத்தது. நிலம் யாரிடம் குவிந்திருந்ததோ அவர்களிடமே சபையும் இருந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் தோணி வைத்து வாணிபம் செய்தவனுக்கும், தலைச்சுமையாகத் துணி விற்றவனுக்கும் அங்கே என்ன வேலை?

சபை யாருடையதோ சர்க்கார் வேலையும் அவர்களுடையது. வருவாய்த் துறையின் கையில்தான் கோவில் நிர்வாகமும் இருந்தது. அதைக் காரணம் காட்டியே முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் ஈழவருக்கும் அந்தத் துறையின் கதவு சாத்தப்பட்டது. மூன்று சமூகங்களும் சேர்ந்து குடியுரிமைச் சமத்துவம் கேட்டு 1919இல் கிளர்ச்சி செய்தன. 1922இல்தான் தேவஸ்வம் தனியாகவும் வருவாய்த் துறை தனியாகவும் பிரிந்தன. நன்றாகக் கவனியுங்கள்: வேலை மறுக்கப்பட்டதற்கு அதிகாரியின் வெறுப்பைவிட இலாகாவின் அமைப்பே காரணமாகக் காட்டப்பட்டது. அந்த அமைப்பை மாற்றிய பிறகே கதவு அசைந்தது.

1932இல் அரண்மனை புதிய சீர்திருத்தம் அறிவித்தது. ஒன்றுக்கு இரண்டாகச் சபைகள்! ஆனால் தேர்தல் முறை பழைய சரக்குதான். அன்றைய திருவிதாங்கூர் மக்கள்தொகை சுமார் 51 லட்சம், அதில் நூற்றுக்கு ஏழு பேர் முஸ்லிம்கள். ஈழவர்களோ எட்டரை லட்சத்துக்கும் மேல். தங்கள் தொகைக்கேற்ற இடம் கிடைக்காது என்று கண்டதும் ஈழவரும் முஸ்லிமும் லத்தீன் கத்தோலிக்கர் உள்ளிட்ட கிறிஸ்தவரும் 1933இல் ஒரே மேடைக்கு வந்தார்கள். தேர்தலில் வேட்பாளராக நிற்பதில்லை, வாக்கும் அளிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். 'ஒத்துழையாமை' என்று சொன்னால் ராஜத்துரோகம் என்பார்களே! அதனால் விலகி நிற்பது என்ற பொருளில் 'நிவர்த்தனம்' என்று பெயர் வைத்தார்கள். சி. கேசவன், என்.வி. ஜோசப், பி.கே. குஞ்சு ஆகியோர் முன்நின்றார்கள். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் என மூன்று தலைவர்கள், கோரிக்கை ஒன்றே. 1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகக் கேசவன் சிறைக்குப் போனார்.

பலன் என்ன? 1936இல் அரசு வேலைகளுக்கு ஆள் தேர்வு செய்யத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். இன்றைய கேரளப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் வேர் அதுதான். வாக்குரிமை விரிந்தது. பின்தங்கிய சமூகங்களுக்குச் சபையில் இடம் ஒதுக்கப்பட்டது. 1937 தேர்தலில் அதே கூட்டணி களத்தில் இறங்கி வென்று, டி.எம். வர்கீஸைச் சபையின் துணைத்தலைவர் ஆக்கியது. விலகி நின்றவர்கள் நான்கே ஆண்டில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்!

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கேசவன் கைதானபோதும் ஆணையர் வந்தபோதும் திவான் நாற்காலியில் இருந்தவர் ஒரு முஸ்லிம், சர் முஹம்மது ஹபீபுல்லாஹ். மேலே நம்மவர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

இன்றைய நமது 'புறக்கணிப்பில்' இவற்றில் எது இருக்கிறது? கோரிக்கை உண்டா? கூட்டாளி உண்டா? மதியம் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குவதற்கு இத்தனை பெரிய பெயரா?

சிறிய கூட்டத்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? 1954இல் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்தில் நேசமணி அவர்களின் தமிழ்நாடு காங்கிரசுக்குப் பன்னிரண்டே இடங்கள். ஆட்சி செய்த பட்டம் தாணுப்பிள்ளையின் கட்சிக்கும் பத்தொன்பதுதான்! காங்கிரஸின் தயவில் ஓடிய ஆட்சி. அந்த ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மந்திரிசபை கவிழ்ந்தது. எவருக்கும் பெரும்பான்மை இல்லாத சபையில் பன்னிரண்டு பேருக்கு இருந்த பலம் அது. ஆனாலும் 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது டெல்லிப் பாராளுமன்றத்தின் சட்டத்தால்தான். தேவிகுளமும் பீருமேடும் அங்கேயே நின்றுவிட்டதையும் மறக்க வேண்டாம்.

வாக்கை எண்ணும் விதி மாறினால் ஆட்சியே மாறும். 2024இல் பிரிட்டனில் தொழிற்கட்சி பெற்றது சுமார் 34 சதவீத வாக்கு. கிடைத்ததோ 650இல் 411 இடம். அதே ஒற்றையர் தொகுதி முறைதான் நமக்கும். பக்கத்து இலங்கையில் 1978 முதல் விகிதாசார முறை. அங்கே மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை என்று விதி இருந்தது. 1988இல் ஜனாதிபதித் தேர்தல் நேரம் பார்த்து, முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பிரேமதாசாவிடம் பேரம் பேசி அதை இருபதில் ஒன்றாகக் குறைக்க வைத்தார். மறு ஆண்டே அவர் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் நான்கு இடங்கள். கல்முனைக்காரருக்கு இருந்த கணக்கு நமக்கு இல்லையே!

நமக்கும் தனித்தொகுதி வேண்டும் என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அரசியல் நிர்ணய சபையில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அதற்காக வாதாடினார், சபை ஏற்கவில்லை. அந்த அத்தியாயம் 1949இல் முடிந்தது. இருக்கும் விதியில் எங்கே நமது வாக்கு எடுபடும் என்று பார்ப்பதுதான் வேலை. தொகுதி மறுசீரமைப்பில் திருவட்டாறு போய், மாவட்டத்துக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதில் எதையும் நாம் தனித்து வெல்ல முடியாது, கூட்டணி வேண்டும். ஆனால் வார்டு? நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டுகள். நம் மக்கள் நெருங்கி வாழும் தெருக்களில் சில நூறு வாக்குகளே முடிவைச் சொல்லிவிடும். அங்கேயும் தூக்கமா?

வியாபாரிகளே, உங்களுக்கு ஒரு கணக்கு. 2016 அக்டோபரில் நகரமன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை; தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில்தான், 2018 ஜூலையில், தமிழகம் முழுவதும் வணிகக் கட்டிடங்களுக்குச் சொத்துவரி 100 சதவீதம் வரை உயர்ந்தது. கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் உண்டா? கிடையாது! 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த வேளையில், அதே உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. யார் தயவால்? வரப்போகும் வாக்குச்சீட்டின் தயவால்!

நகரமன்றத் தேர்தல் முடிந்ததும் 2022 ஏப்ரலில் வரி மறுபடி ஏறியது. இம்முறை மன்றங்கள் தீர்மானம் போட வேண்டியிருந்தது. கடைக்கு வந்த வரிச் சீட்டைப் பார்த்துத் திட்டிய நீங்கள், அன்று மன்றத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று ஒருமுறையாவது போய்க் கேட்டீர்களா?