காவிரியும் கேபிள் பில்லும்

காவிரிப் பிரச்னை சூடுபிடித்தால் பெங்களூரில் தமிழ்ச் சேனல்கள் காணாமல் போகும். 2016 செப்டம்பரிலும் கேபிள்காரர்கள் நிறுத்தினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல் விழுந்தால் உடைவது அவர்கள் ஆபீஸ் கண்ணாடி. சேனல்காரர்கள் ஏன் பெரிதாகச் சத்தம் போடுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

பிசினஸ்தான் காரணம் என்று நினைக்கிறேன். சன் டிவி 1993-ல் வந்தது. அடுத்த வருஷமே கன்னடத்தில் உதயா. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே, கலாநிதி மாறன். சன் இருண்டாலும் உதயா ஓடும், கல்லா ஒன்றுதான். இங்கே தமிழுக்காகக் குரல் கொடுத்தால் அடி உதயாவுக்கு விழும். யார் கொடுப்பார்கள்?

விளம்பரக் கணக்கு இன்னும் மோசம். டிவி ரேட்டிங்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு சந்தை, கர்நாடகம் வேறு சந்தை. தமிழ் சீரியலுக்கு நடுவே சோப்பு விற்பவர் முதல் சந்தையைத்தான் பார்ப்பார். அல்சூரில் அதே சீரியலைப் பார்க்கும் நம் அம்மாக்கள் அவருக்குக் கொசுறு. (மொபைலில் பார்க்கலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். அம்மாவுக்கு ரிமோட்தான்.)

ஆனால் 2019-ல் டிராய் விதி மாறி, சேனலுக்குத் தனித்தனி விலை வந்தது. அப்போது சன் டிவி மாதம் 19 ரூபாய், வரி தனி. கேட்டு வாங்கி, காசும் கட்டிய சரக்கு வரவில்லை என்றால் அந்த நாட்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே! கன்னடர்களோடு எந்தச் சண்டையும் வேண்டாம். பொங்கல் விழாவுக்கு ஸ்பான்சர் தேடி அலையும் நம் சங்கங்கள், அப்படியே சேனல் ஆபீசுக்கும் ஒரு கடிதம் போடட்டும்.