அளவு கொடுத்துத் தைத்த சிப்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சுங்குவார்சத்திரத்தில் ஐபோனை அசெம்பிள் செய்யும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஆனால் அந்த போனுக்கு மூளையான சிப், கலிஃபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டு தைவானில் தயாராகி இங்கே வருகிறது.

இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அசெம்பிள் செய்வது மட்டும்தான் நம் வேலை என்றால், எங்கோ எடுக்கும் முடிவுக்கு இங்கே பஸ் நின்றுவிடும்.

அதனால்தான் 2025 பிப்ரவரியில் வந்த 'ஐரிஸ்' சிப் செய்தியை இரண்டு முறை படித்தேன். சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கியது. பேராசிரியர் காமகோடி குழுவின் 'சக்தி' பிராசஸர்தான் இதற்கு அடிப்படை.

ரெடிமேட் பிளவுஸ் வாங்கினால் தோள் சரியாக இருக்கும், கை பிடிக்கும். டெய்லரிடம் அளவு கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐரிஸ் அப்படி அளவு கொடுத்துத் தைத்தது. இஸ்ரோவின் திருவனந்தபுரம் பிரிவு தன் தேவையைச் சொல்ல, ஐ.ஐ.டி. அதற்கேற்ப வடிவமைத்தது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிட சைன், காஸ் வேண்டும் (ஆமாம், பத்தாம் வகுப்பில் நம்மைப் பாடாய்ப்படுத்திய அதே சைன், காஸ்!). அதைச் சட்டென்று போட 'கார்டிக்' என்ற தனிப் பகுதி. புரோகிராம் உறைந்துபோனால் தட்டி எழுப்ப 'வாட்ச்டாக்'.

சிப் உருவானது சண்டிகரில். உறை போட்டது கர்நாடகத்தில் டாடா நிறுவனம். சர்க்யூட் போர்டு குஜராத்தில். எல்லாவற்றையும் பொருத்தியது சென்னையின் சிர்மா எஸ்.ஜி.எஸ். கடைசியில் ஐ.ஐ.டி.யில் மின்சாரம் கொடுத்தபோது சிப் விழித்துக்கொண்டது.

சண்டிகர் ஆலையின் தொழில்நுட்பம் 180 நானோமீட்டர். இன்றைய உயர்ரக போன்களில் 3 நானோமீட்டர். பழசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராக்கெட்டுக்கு வேண்டியது வேகத்தைவிட நம்பகம். காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கவும் 3 நானோமீட்டர் தேவையில்லை. 2021-ல் உலகெங்கும் கார் ஆலைகள் காத்துக் கிடந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய ரக சிப்களுக்காகத்தான்.

டெய்லர் கிண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். அளவு சொல்ல வேண்டியவர்கள்தான் தொலைவில். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் ஹூண்டாய் ஆலைக்குத் தலைமையகம் சியோலில். ஆனால் ஒரகடத்தில் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டுக்குத் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஐ.ஐ.டி.க்குப் போக ஆட்டோ போதும்.