பாலாரிஷ்டமா? ஆஸ்பத்திரியின் அரிஷ்டமா?

நமது தஞ்சை ஜில்லாவில் ஒரு குழந்தை திடீரென்று செத்துப் போனால் அதற்குக் காரணம் சொல்ல மூன்று பேர் தயாராய் இருக்கின்றார்கள். ஜோசியன் "பாலாரிஷ்டம்" என்கின்றான். பாட்டி "பட்சிதோஷம்" என்கின்றாள். புராணிகர் "எழுதின ஆயுசு அவ்வளவுதான்" என்கின்றார். இந்த மூவருக்கும் பிறகு ஊர்வாய் கிளம்பி, "பிள்ளையைத் தின்றவள்" என்று பெற்றவள் தலையிலேயே பழியைப் போட்டுவிடுகின்றது. ஆனால் அக்குழந்தையை ஆஸ்பத்திரி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது, அங்கே அதன் முகத்துக்குப் பொருந்தும்படியான சுவாச முகமூடி ஒன்று இருந்ததா, இருந்திருந்தாலும் அது எந்த அலமாரியில் கிடக்கின்றதென்பது அந்த இராத்திரி வேலையில் இருந்தவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பதற்கு மாத்திரம் ஒரு ஆளும் கிடையாது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கப் புறப்பட்டிருக்கின்றோம்.

விதிதான் காரணமென்றால் அந்த விதி நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம் மாறுவானேன்? 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஒரு வயது முடியுமுன் மாண்டு கொண்டிருந்தன. 2020ல் அது 13 ஆக இறங்கிவிட்டது. இடையில் நவக்கிரகங்கள் கூட்டம் போட்டுத் தமிழ்நாட்டுக்கு மாத்திரம் தயவு காட்டுவதென்று தீர்மானம் செய்தனவா? அல்லது தடுப்பு ஊசியும், நர்சும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் வந்ததனால் இறங்கிற்றா? மனிதன் முஸ்தீபு செய்தால் சாவு குறைகின்றது, செய்யாவிட்டால் பெருகுகின்றது. இதில் கடவுளுக்கு என்ன வேலை என்பதைப் பக்தர்களே சொல்லட்டும்.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். 1992ஆம் வருஷ மகாமகத்தில் குளத்தில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 50 பேர் மாண்டார்கள். அடுத்த மகாமகம் 2004 மார்ச்சில் வந்தது. போன தடவையின் பயத்தினால் தடுப்புக் கட்டைகள், போலீசு, வைத்திய உதவி என்று பலமான ஏற்பாடுகள் நடந்தன. அதே ஊரில், அதே வருஷத்தில், நான்கே மாதம் கழித்து ஜூலை 16ந் தேதி ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் வெந்து மாண்டன. பெரியவர்கள் பாவம் போக்கிக் குளிக்கும் குளத்துக்கு முன்யோசனை இருந்தது. குழந்தைகள் எழுத்துப் படிக்கும் கொட்டகைக்கு இல்லை. குழந்தைகள் எந்தப் பாவத்துக்காக எரிந்தன என்று எந்தச் சாஸ்திரியும் சொல்லக் காணோம். தீ விபத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் பள்ளிக் கீற்றுகளைப் பிரித்தார்கள். சரிதான். ஆனால் வெந்த குழந்தையை எடுத்து வந்தால் எப்படிப் பார்ப்பது என்ற மறுபாதிக் கேள்வி, இன்னும் எத்தனை ஊர்களில் பதில் இல்லாமல் நிற்கின்றதோ!

ஏனெனில், குழந்தை என்பது பெரிய ஆளின் சிறிய உருவமல்ல. பெரியவன் உடம்பில் தலையின் பரப்பு நூற்றுக்கு 9 என்று கணக்கு. கைக்குழந்தைக்கு அது 18. பெரியவன் கணக்கை வைத்துக்கொண்டு வெந்த குழந்தையின் புண்ணை அளந்தால் கணக்கே தப்பு. அந்தக் கணக்கின்மேல் ஏற்றுகின்ற நீரும் தப்பு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இருதயக் கோளாறினால் மூச்சு நிற்கின்றது. குழந்தைக்கோ பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இருதயம் நிற்கின்றது. ஆகவே முதலில் மூச்சைக் காப்பாற்ற வேண்டும். இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும், வாந்தி பேதியில் உடம்பு வற்றிக்கொண்டிருந்தாலும், குழந்தையின் இரத்த அழுத்தம் கடைசி நேரம் வரையில் நன்றாகவே இருப்பதுபோல் ஏமாற்றி, பிறகு ஒரேயடியாய்ச் சரிந்துவிடும். நரம்பு அகப்படாமல் போனால் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசி போட்டு நீர் ஏற்றலாம். இதெல்லாம் மந்திரமல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கற்காமல் வருவதுமல்ல.

நமது டெல்டாவுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லுகின்றோம். கட்டுவிரியன் இராத்திரியில் வரும். தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் குழந்தையைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. விடியற்காலையில் குழந்தை வயிறு வலிக்கின்றதென்று அழும். பிறகு கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு மங்கும். வீட்டில் இதை மாந்தம் என்பார்கள், காற்றுச் சேஷ்டை என்பார்கள். வேப்பிலை அடிக்கிறவன் வருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்குமேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், அங்கேயும் ஒரு ஆபத்து காத்திருக்கின்றது. குழந்தைக்கு எல்லா மருந்தையும் எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்க வேண்டுமென்று படித்தவர், பாம்பு விஷமுறிவு மருந்தையும் குறைத்துவிடக்கூடும். அது தவறு. பாம்பு, இது குழந்தையாயிற்றே என்று இரக்கப்பட்டு விஷத்தைப் பாதியாய்க் கக்குவதில்லை. ஆகையால் விஷமுறிவு மருந்து பெரியவனுக்கு எவ்வளவோ அவ்வளவேதான் குழந்தைக்கும். அதோடு மூச்சுத் தளர்ந்தால் இயந்திரம் கிடைக்கும் வரையில் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பை குழந்தை அளவில் இருக்க வேண்டும். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் அந்த நேரத்தில் நிற்பது இந்த ரப்பர்ப் பைதானே தவிர, பெரிய கோயில் நந்தியல்ல.

"அதெல்லாம் சீமைக் கதை, நமக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். சீமைக் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் 2013ல் 4000க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகள் குழந்தைகளைப் பார்க்க எவ்வளவு தயாராய் இருக்கின்றன என்று மார்க்குப் போட்டுப் பார்த்தார்கள். நடுத்தர ஆஸ்பத்திரிக்கு நூற்றுக்கு 69தான் கிடைத்தது. பணத்தில் புரளுகின்ற நாட்டின் யோக்கியதை இது! பிறகு 2019ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மிக அபாயமான நிலையில் வந்த குழந்தைகளின் கணக்கை எடுத்தார்கள். கடைசி மார்க்கு ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்குச் சுமார் 11 குழந்தைகள் மாண்டன. முதல் மார்க்கு ஆஸ்பத்திரிகளில் 3 அல்லது 4. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எந்த ஜாதகத்தைப் புரட்டுவது? மார்க்குக் கொடுத்த விஷயங்களோ பெரும்பாலும் சாதாரணமானவை. குழந்தைகள் விஷயத்துக்கென்று ஒரு டாக்டரோ நர்சோ பொறுப்பில் இருக்கிறாரா, குழந்தையைக் கிலோவில் நிறுத்து எழுதுகிறார்களா, அளவு அளவாய்க் குழாயும் முகமூடியும் இருக்கின்றனவா, மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு உண்டா என்பவைதான்.

அதற்காகச் சீமையில் செய்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கும்படியும் நாம் சொல்லவில்லை. அங்கே குழந்தையின் நீளத்தை ஒரு வர்ண நாடாவால் அளந்து அதன் எடையைக் கண்டுபிடிக்கின்றார்கள். அந்த நாடாவை நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்ததில், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளின் எடையைக் கூட்டிக் காட்டிவிடுகின்றது என்று தெரிந்திருக்கின்றது. அவர்கள் பிள்ளை வேறு, அரை வயிற்றுக் கஞ்சி குடித்த நம் பிள்ளை வேறு. நமக்கு வேண்டியது வாசலில் ஒரு நல்ல தராசு.

இன்னொரு சமாதானம்: "108ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறதே, தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டால் போகிறது" என்பது. 2008 முதல் ஓடுகின்ற அந்த வண்டியால் எத்தனையோ உயிர் பிழைத்திருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலில் மூழ்கி எடுத்த குழந்தைக்கு மூச்சில்லாமல் நாலைந்து நிமிஷம் கழிந்தால் மூளை கெட ஆரம்பித்துவிடுகின்றது. பேராவூரணியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் தஞ்சாவூர் நாலைந்து நிமிஷத் தூரமா? குழந்தை வைத்தியத்தில் பேர்பெற்ற எழும்பூர் ஆஸ்பத்திரியோ தஞ்சைக்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. முதல் மூச்சை முதல் ஆஸ்பத்திரிதான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சர்க்கார் தங்கள் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் குழந்தைகளையும் ஒரு தனித் தலைப்பாகச் சேர்த்திருக்கின்றார்கள். அதை மனதாரப் பாராட்டுகின்றோம். ஆனால் காகிதத்தில் இருக்கும் தலைப்பு, இராத்திரி இரண்டு மணிக்குத் தாலூகா ஆஸ்பத்திரியில் மேஜைமேல் இருக்க வேண்டும். ஒற்றை ஆளாய் நின்று நாற்பது பேரைப் பார்க்கும் நர்சம்மாளைத் திட்டி இதைச் செய்ய முடியாது. ஆள் போட வேண்டும், பழக்க வேண்டும், பழக்கினவரை ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றாமல் இருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் குழந்தைகளைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கும் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். ராஜாவும் போனார், மிராசும் போயிற்று. இப்பொழுது அது வரி கொடுக்கும் உழவனுடையதும் கூலிக்காரனுடையதும் ஆகும். உடையவன் கணக்குக் கேட்க வெட்கப்படலாமா? மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடும்போது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நோட்டு நீட்டுகிறவர்களுக்கு முன்னால் நம் தோழர்கள் எழுந்து நிற்கட்டும். நம் தாலூகா ஆஸ்பத்திரியில் குழந்தைக்கென்று பொறுப்பாளர் யார், அவர் பெயர் என்ன? தராசு இருக்கின்றதா? சிறு அளவுப் பையும் முகமூடியும் எத்தனை? விஷமுறிவு மருந்து இன்று எத்தனை புட்டி இருப்பு? கடைசியாய் எந்தத் தேதியில் எல்லோரும் சேர்ந்து பழகிப் பார்த்தார்கள்? இவ்வைந்தையும் தீர்மானமாய் எழுதி அனுப்பி, பதில் வந்த தேதியையும் வராத ஊர்களின் பெயரையும் நமக்கு எழுதினால் இரண்டையும் இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுகின்றோம்.