கோப்பை இருக்கட்டும், திடல் எங்கே?



பேரிகைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏழு பேர் ரக்பிப் போட்டி வைப்பது பற்றிப் பேச்சு. ஓசூரில் இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி ஒருவர் அலுத்துக்கொண்டார்: "அது துரைமார் ஆட்டம். என் பையனுக்கு எதுக்கு?"

பக்கத்திலிருந்த கனவான் சிரித்தார்: "அப்படிச் சொல்லாதப்பா. போட்டி வைத்தால் திறமை தானே வெளியே வரும். குப்பையிலும் குந்துமணி கிடைக்கும்!"

நமது பிள்ளைகள் குப்பையாம்! கனவானுக்குப் பிறகு வருவோம். முதலில் நமது தோழருக்குப் பதில்.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ரக்பிக் கழகம் கலைந்தபோது, கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் யானை வைத்த மூடியுமாக ஒரு கோப்பை செய்தார்கள். 1878-ல் அதை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்குத்தான் மோதுகின்றன. அது எந்தக் காலம்? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடிய காலம்! ஓசூர் அன்றிருந்த சேலம் ஜில்லாவும் அதற்குத் தப்பவில்லை. இங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் கூழுக்கு வழியின்றிச் செத்தார்கள். அங்கே வெள்ளி உருகிக் கோப்பையாயிற்று.

ஆனால் ஆட்டம் துரைமாரோடு நின்றுவிட்டதா? இல்லை. ஏழு பேர் ஆட்டத்தை 1883-ல் தொடங்கிவைத்தவர் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்னும் சிற்றூரில் கசாப்புக் கடையில் உழைத்த நெட் ஹெய்க். கழகத்துக்குப் பணமுடை. ஒரே நாளில் பல ஆட்டம் நடத்தி நிதி திரட்ட வேண்டும். பதினைந்து பேரை ஏழாக்கு, நேரத்தைச் சுருக்கு என்றார். இன்று பாதிக்கு 7 நிமிஷம், மொத்தம் 14 நிமிஷம். உலகமே ஆடுகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் சனிக்கிழமை ஆடப்போனால் அன்றையக் கூலி போய்விடும். அந்த நஷ்டத்தைக் கொடு என்று கேட்டதற்கு, ரக்பியை ஆண்ட கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்பீல்டு நகரில் 20-க்கு மேற்பட்ட கழகங்கள் கூடிப் பிரிந்தன. நாளுக்கு 6 ஷில்லிங் வரை கூலி நஷ்டம் கொடுக்க ஏற்பாடு செய்தன. ஆக, ஆட்டத்திலும் கூலிப் பிரச்சினை உண்டு. ஓய்வு இல்லாதவனுக்கு ஆட்டமும் இல்லை!

இனி கனவானுக்கு வருவோம். போட்டி வைத்தால் திறமை வருமா?

2007-ல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி ரக்பிப் போட்டியில் கோப்பையை வென்றவர்கள் ஒடிசாவின் ஆதிவாசிச் சிறுவர்கள். புவனேஸ்வரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. அதற்குச் சோறும், படுக்கையும், திடலும், பயிற்சியாளரும் சேர்ந்தன. பிறகுதான் கோப்பை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஏழு பேர் ரக்பியில் தங்கம் வென்றது பிஜி. நம்மவரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக வெள்ளையன் கப்பலேற்றிய அதே குட்டித் தீவு நாடு! அந்நாட்டுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். அங்கே கிராமத்துப் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாள் முதல் பந்தோடு ஓடுகிறார்கள்.

நமது பிள்ளைகள் சளைத்தவர்களா? கபடியிலும் அணிக்கு ஏழு பேர்தானே! குறுக்கே பாய்வதும், பிடிப்பதும், வழுக்கித் தப்புவதும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராகிக் களி தின்று வளர்ந்த கால்கள். ஆனால் லீவு நாளில் அந்தக் கால்கள் எங்கே? தக்காளித் தோட்டத்தில் பெட்டி தூக்குகின்றன! அப்பன் ஷிப்டில், ஆத்தாள் ரோஜாத் தோட்டத்தில். பையனின் கூலியும் சேர்ந்தால்தான் உலை கொதிக்கும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஏட்டில் திடல் பச்சையாயிருக்கிறது! 2022-ல் வந்த காலைச் சிற்றுண்டித் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படி வந்தது. ரக்பி ஆடும் வயது அதற்குப் பிறகுதானே! வெறும் வயிற்றோடு விடியற்காலை ஓடச் சொல்வது பயிற்சியா, தண்டனையா? விளையாட்டு வகுப்பு வந்தால் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

2025-ல் பம்பாயில் முதலாளிகளின் குழுக்கள் மோதிய ரக்பி லீக்கில் சென்னைக் குழு கோப்பை வென்றது. சந்தோஷம்! அந்தக் கோப்பையைப் பார்த்துப் பேரிகைப் பையனுக்கு வயிறு நிறையுமா?

போட்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வைக்கட்டும்; நமது பிள்ளைகளும் ஆடட்டும். ஆனால் ஒரு நாள் பந்தல் போட்டு, மாலை மாற்றிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் திறமை வளர்ப்பு அல்ல. சர்க்கார் பள்ளிக்குத் திடல் கொடு! உடற்பயிற்சி ஆசிரியரை நியமி! உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கும் காலையில் சோறு போடு! பிள்ளை பெட்டி தூக்காமலே உலை கொதிக்கும்படி பெற்றோருக்குக் கூலி கொடு!

தோழர்களே, மே முதல் தேதி கிராம சபை கூடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் பள்ளிக்கூடத்துத் திடல் எங்கே? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு உட்காருங்கள்.