உலகம் என்று பெயர் வைத்தால் போதாது

2026 ஜூலை மாதத்தில் பிஜி ரக்பி அணிக்குச் சொந்த மண் ஆட்டங்கள் மூன்று ஒதுக்கப்பட்டன. எதிரணிகள் வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து. ஆட்ட இடங்கள் கார்டிஃப், லிவர்பூல், எடின்பரோ. மூன்றும் எதிரணியின் ஊர்கள். பிஜியின் தலைநகர் சூவாவில் ஓர் ஆட்டம்கூட இல்லை. தன் நாடு நடத்துவதாகச் சொல்லப்படும் ஆட்டத்தைப் பிஜி ரசிகர் நள்ளிரவு தாண்டித் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும்.

இப்படி அட்டவணை போட்ட தொடரின் பெயர் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப். ரக்பியை உலகெங்கும் வளர்க்கும் திட்டம் என்று சொல்லித்தான் இதற்கு ஒப்புதல் வாங்கினார்கள். சொன்னது ஒன்று, செய்தது வேறொன்று. செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ரக்பி ஒரே விளையாட்டாக இல்லை. 15 பேர் ஆடுவது யூனியன். 13 பேர் ஆடுவது லீக். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் இவை பிரிந்தன. வேலையை விட்டுவிட்டு ஆட வந்த தொழிலாளிக்கு, இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பதே சண்டை. கொடுப்போம் என்ற வடக்கத்திய கிளப்புகள் வெளியேறின. கொடுக்கக் கூடாது என்ற யூனியன், 1995 வரை நூறாண்டு அதே பிடிவாதத்தில் நின்றது. ஆஸ்திரேலியாவில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 18 பேர் ஆடும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ்.

இம்மூன்றும் ஒரே மைதானத்துக்கும், ஒரே தொலைக்காட்சி நேரத்துக்கும், ஒரே பள்ளிப் பிள்ளைக்கும் போட்டி போடுகின்றன. இப்போது நாடுகளுக்கும் போட்டி போடுகின்றன. போட்டி தவறில்லை. விரிவு என்று அறிவித்துவிட்டு வேலி கட்டுவது தவறு. அந்தத் தவற்றை மூன்று தலைமைகளும் செய்துவருகின்றன.

முதலில் யூனியன். அதை ஆளும் அமைப்பு தன்னை வேர்ல்ட் ரக்பி என்று அழைத்துக்கொள்கிறது. நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பை 2023 அக்டோபரில் அதன் அவைதான் நிறைவேற்றியது. மேல்தட்டில் 12 அணிகள். ஐரோப்பாவின் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் ஆடும் ஆறு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என நான்கு. இவற்றோடு ஜப்பானும் பிஜியும். மற்ற எல்லோருக்கும் கீழ்த்தட்டு. 2030-க்கு முன் கீழிருந்து மேலே ஏற வழியே கிடையாது.

ஏற வழியில்லை என்றால் அது போட்டியாகாது. அது சங்கத்தார் கூடிப் பேசி எடுத்துக்கொண்ட ஒதுக்கீடு.

ஜார்ஜியா என்ன குற்றம் செய்தது? ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியை 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றது. 2022-இல் இத்தாலியை வென்றது. அதே ஆண்டு நவம்பரில் வேல்ஸைக் கார்டிஃபிலேயே வென்றது. அதன் பின்னும் சிக்ஸ் நேஷன்ஸில் இடமில்லை. அந்தத் தொடரில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட நாடு இத்தாலி. சேர்த்த ஆண்டு 2000. கால் நூற்றாண்டாகக் கதவு திறக்கவில்லை. வெற்றியும் கதவைத் திறக்காது என்றால், ஒரு நாடு வேறு எதைக் கொண்டுவர வேண்டும்?

சமோவா என்ன குற்றம் செய்தது? 1991 உலகக் கோப்பையில் வேல்ஸை அதன் தலைநகரிலேயே வீழ்த்திய அணி அது. 2025 நவம்பரில் அதே சமோவா, 2027 உலகக் கோப்பையின் கடைசி இடத்துக்காகத் துபாயில் ஆடியது. பெல்ஜியத்துடன் 13-13 என்று சமன் செய்து அந்த இடத்தைப் பிடித்தது. அந்த வீழ்ச்சிக்குச் சமோவாவின் பிள்ளைகள் காரணமில்லை. அவர்கள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகளில் நிறைந்து ஆடுகிறார்கள். ஆட்டக்காரர்களைத் தந்த நாட்டுக்கு ஆட்டத்தின் வருமானம் வருவதில்லை. அதுதான் காரணம்.

யூனியனில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆட்டத்தை நடத்தும் சங்கமே டிக்கெட் வசூலை எடுத்துக்கொள்ளும். பயணம் வந்த அணிக்குப் பங்கில்லை. லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 82,000 பேர் அமரலாம். அந்த வசூல் இங்கிலாந்துக்கு. தலைநகர் ஏப்பியாவின் மைதான வசூல் சமோவாவுக்கு. இதைச் சமமான விதி என்று சொல்ல வெட்கப்பட வேண்டும்.

2017 நவம்பரில் சமோவா ரக்பி சங்கம் திவாலாகிவிட்டது என்று, சங்கத் தலைவராகவும் இருந்த அந்நாட்டுப் பிரதமரே அறிவித்தார். அதே மாதம் ட்விக்கன்ஹாமில் சமோவா ஆடியது. இங்கிலாந்து சங்கம் நல்லெண்ணத் தொகையாக 75,000 பவுண்டு கொடுத்தது. அன்று களமிறங்கிய இங்கிலாந்து வீரர் ஒருவரின் ஆட்டச் சம்பளமே 20,000 பவுண்டுக்கு மேல். சமோவா வீரருக்கு ஆயிரம் பவுண்டுகூட இல்லை. பங்கு கேட்டவரிடம் தருமம் நீட்டினார்கள். அந்த விதி இன்னும் போதிய அளவு மாறவில்லை.

நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி ஏப்பியாவில் முதன்முதலாக டெஸ்ட் ஆடிய ஆண்டு 2015. சமோவா வம்சாவளி வீரர்கள் தலைமுறை தலைமுறையாக ஆல் பிளாக்ஸ் சீருடை அணிந்து வென்று கொடுத்தார்கள். அவர்களுடைய பாட்டன் ஊருக்கு ஒருமுறை போக அந்த அணிக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

இவை எப்படி மாறாமல் இருக்கின்றன? வாக்குகளைப் பாருங்கள். வேர்ல்ட் ரக்பி அவையில் மொத்தம் 52 வாக்குகள். பத்துப் பெரிய சங்கங்களுக்குத் தலா 3. ஆக 30 வாக்குகள் அந்தப் பத்துப் பேரிடம். உலகின் மீதி நாடுகள் அனைத்தும் கைகோத்தாலும் தோற்கும். பிஜிக்கும் சமோவாவுக்கும் அவையில் இடம் கிடைத்ததே 2018-இல்தான். 2024 நவம்பரில் தலைவர் தேர்தல் 27-25 என்று முடிந்தது. வென்றவர் பிரெட் ராபின்சன். இந்தக் கணக்கைத் திருத்தும் பொறுப்பு இன்று அவருடையது.

அடுத்து லீக். யூனியனின் கொடுமையை அனுபவித்த விளையாட்டு இது. 1941 டிசம்பரில் பிரான்சின் விஷி அரசு ரக்பி லீக்கைத் தடை செய்தது. அதன் சொத்துகள் முழுவதையும் பறித்தது. போர் முடிந்தது. விஷி அரசு வீழ்ந்தது. பறித்த சொத்து திரும்பவில்லை. ரக்பி என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமைகூட 1990-களின் தொடக்கம் வரை மறுக்கப்பட்டது. 1954-இல் முதல் லீக் உலகக் கோப்பையை நடத்திய நாடு பிரான்ஸ். யூனியனின் முதல் உலகக் கோப்பைக்கு 33 ஆண்டு முந்தியது அது. அத்தனை வலுவான விளையாட்டை அரசாணையால் முறித்தவர்கள் இன்றுவரை இழப்பீடு தரவில்லை. பிரெஞ்சு அரசும் அந்நாட்டு ரக்பி சம்மேளனமும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது பழங்கதை என்று யாரும் தள்ள வேண்டாம். 2015-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ரக்பி லீக் நடத்திய அமைப்பாளர் ஒருவர், அங்குள்ள ரக்பி சம்மேளனத்தின் புகாரின் பேரில் கைதாகிச் சிறையில் இருந்தார். பந்து விளையாட்டை நடத்தியதற்குச் சிறை. வேர்ல்ட் ரக்பி தன் உறுப்பினரை வெளிப்படையாகக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

ஒடுக்கப்பட்ட வரலாறு லீக் தலைமைக்கு மன்னிப்புச் சீட்டாகாது. தனக்குச் செய்யப்பட்டதைத் தானும் செய்கிறது லீக்.

2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உலகக் கோப்பையிலிருந்து விலகின. தொடங்கச் சில மாதங்களே இருந்தன. பெருந்தொற்று காரணம் என்றார்கள். போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. 2025 போட்டியை நடத்த வேண்டிய பிரான்ஸ் 2023-இல் கைவிட்டது. அது 2026-க்குத் தள்ளி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 16 ஆண்கள் அணிகள் பத்தாகக் குறைந்தன. வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி, கிரீஸ், ஜமைக்கா ஆறும் பட்டியலில் இல்லை. யூனியன் தன் உலகக் கோப்பையை 24 அணிகளாக்கும் வேளையில் லீக் பத்தாக்குகிறது. இதைச் சுருக்கம் என்று சொல்லும் நேர்மைகூட இல்லை.

2019 நவம்பரில் டோங்கா, உலக சாம்பியனான ஆஸ்திரேலியாவை 16-12 என்று வென்றது. ஆக்லாந்து மைதானம் டோங்காவின் சிவப்பால் நிறைந்தது. பன்னாட்டு லீக்குக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆஸ்திரேலியா டோங்காவுடன் மறுபடி மோதிய ஆண்டு 2024. ஐந்தாண்டு இடைவெளி. 2022-இல் சமோவா உலகக் கோப்பை இறுதிக்கே வந்தது. அந்த எழுச்சியையும் நிலையான ஆட்ட அட்டவணை பின்தொடரவில்லை. ஆஸ்திரேலிய லீக்கான என்ஆர்எல்லில் ஏறத்தாழ பாதி வீரர்கள் பசிபிக் அல்லது மாவோரி வம்சாவளியினர். வீரர்கள் வேண்டும். அவர்களுடைய நாடுகள் வேண்டாம். இதுவே லீக்கின் கொள்கையாக இருந்துவருகிறது.

2024 முதல் என்ஆர்எல் தன் பருவத்தை லாஸ் வேகஸில் தொடங்குகிறது. விரிவு என்று விளம்பரம் செய்கிறது. அதே வட அமெரிக்காவில் டொராண்டோ வுல்ஃப்பேக் என்ற கிளப் அடிமட்டத்திலிருந்து ஏறி 2020-இல் இங்கிலாந்தின் மேல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கை எட்டியது. தொற்றுக் காலத்தில் விலகியது. திரும்பி வர விண்ணப்பித்தது. இங்கிலாந்து கிளப்புகள் மறுத்து வாக்களித்தன. ஒரு நாட்டில் வேரூன்றிய கிளப்பைத் தள்ளிவிட்டு, ஒருநாள் காட்சியை விரிவு என்று அழைக்க முடியாது.

பப்புவா நியூகினியில் லீக் மக்களின் உயிர்மூச்சு. 2028-இல் அந்நாட்டு அணி என்ஆர்எல்லில் சேர்கிறது. பல்லாண்டு தாமதமான நீதி இது. அந்த நீதி எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. கூடவே இரு நாடுகளின் வியூக நம்பிக்கையை உறுதிசெய்யும் தனி உடன்பாடும் கையெழுத்தானது. சீனாவின் செல்வாக்கைத் தடுக்கும் கணக்கு அதில் இருப்பதை யாரும் மறைக்கவில்லை. போர்ட் மோர்ஸ்பியின் பிள்ளைகளுக்கு அணி வந்தது அவர்களுடைய ஆட்டத்துக்காக இல்லை, கான்பெராவின் பாதுகாப்புக் கவலைக்காக. அந்தக் கவலை மாறினால் பணம் என்னாகும்? என்ஆர்எல்லின் ஆணையத் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் இதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸை நடத்தும் ஏஎஃப்எல்லும் தப்ப முடியாது. கோல்டு கோஸ்டிலும் மேற்கு சிட்னியிலும் புது அணிகளுக்குக் கூட்டம் சேர்க்க, லீக்கிலிருந்து கார்மைக்கேல் ஹன்ட்டையும் இஸ்ரேல் ஃபொலாவையும் பெரும் பணத்துக்கு வாங்கியது. அதே ஏஎஃப்எல், பிற நாடுகளுக்கென நடத்திய பன்னாட்டுக் கோப்பையை 2017-க்குப் பின் நடத்தவில்லை. 2014-இலும் 2017-இலும் அதை வென்றது பப்புவா நியூகினி. கோப்பையைக் காக்க அந்நாட்டுக்குக் களமே இல்லை. விளம்பர முகங்களுக்குப் பணம் இருந்தது. நாடுகளுக்கு இல்லை.

இந்தச் சங்கங்களால் வேகமாகச் செயல்பட முடியாதா? முடியும். 2025-இல் ஆர்360 என்ற தனியார் போட்டி வீரர்களை இழுக்க முயன்றது. அக்டோபர் மாதத்திலேயே எட்டு யூனியன் சங்கங்கள் கூட்டாக எச்சரித்தன. அதில் சேர்வோருக்கு நாட்டு அணியில் இடமில்லை என்றன. அதே மாதம் என்ஆர்எல் பத்தாண்டுத் தடை அறிவித்தது. 130 ஆண்டுப் பகையாளிகள் ஒரே மாதத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். தம் வருமானத்துக்கு ஆபத்து என்றால் ஒரு மாதம் போதும். சமோவாவின் நியாயத்துக்குப் பல பத்தாண்டு போதவில்லை. இயலாமை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. இது விருப்பமின்மை.

எனவே கேட்கிறோம். வேர்ல்ட் ரக்பி டிக்கெட் வசூலில் பயண அணிக்குப் பங்கு என்பதை விதியாக்க வேண்டும். நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஏற்ற இறக்கத்தை அடுத்த தொடரிலேயே தொடங்க வேண்டும். பிஜியின் ஆட்டம் பிஜியில் நடக்கச் செலவை மேல்தட்டுச் சங்கங்கள் பகிர வேண்டும். பத்துச் சங்கங்களின் மும்மடங்கு வாக்கை ஒழிக்க வேண்டும். சிக்ஸ் நேஷன்ஸ் ஜார்ஜியாவுக்குத் தகுதி ஆட்டமாவது தர வேண்டும்.

லீக்கின் பன்னாட்டு அமைப்பு பத்தாண்டு அட்டவணையை வெளியிட வேண்டும். உலகக் கோப்பையை 16 அணிகளுக்குத் திருப்ப வேண்டும். விலகும் நாட்டுக்குத் தண்டனை விதிக்க வேண்டும். அது ஆஸ்திரேலியாவாக இருந்தாலும் சரி. ஏஎஃப்எல் பன்னாட்டுக் கோப்பைக்கு ஆண்டைக் குறிக்க வேண்டும். பிரான்ஸ் 1941-இன் கடனைத் தீர்க்க வேண்டும்.

2027 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவில் யூனியன் உலகக் கோப்பை தொடங்குகிறது. 24 நாடுகளின் கொடிகள் ஏற்றப்படும். அதற்குள் வாக்குக் கணக்கும் வசூல் பங்கும் திருத்தப்பட வேண்டும். திருத்தாவிட்டால் மேடையேறி உலகத்தின் பெயரால் பேசும் உரிமை வேர்ல்ட் ரக்பிக்கு இல்லை. பிரெட் ராபின்சனும் அவரைச் சுற்றியுள்ள பத்துச் சங்கங்களும் இன்றே தேதி சொல்லட்டும்.