"கிட்டங்கியால போகலாமா?"



ஒவ்வொரு மாரியிலும் சவளக்கடையில் இதே கேள்விதான். ஒருவர் முழங்காலளவு தண்ணீர் என்பார், இன்னொருவர் இடுப்பளவு என்பார். தாம்போதியை மேவி வெள்ளம் பாய்ந்தால் பக்கத்துக் கல்முனையும் நமக்குத் தூரந்தான். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை மறக்க முடியுமா? அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

எந்த மதகில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த ஒழுங்கை கடைசிவரை தாங்கும் என்பதெல்லாம் நமது மூத்தவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அது அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதை வரைபடத்தில் ஏற்றும் வேலையை நமது உயர்தரப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் அவர்கள் பைதன் படிக்கிறார்கள், பரீட்சையோடு மறந்தும் விடுகிறார்கள். இடத்தின் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, தண்ணீர் ஏறிய உயரம் என்று நான்கு நிரலில் ஓர் அட்டவணை போதும். போலியம் என்ற இலவசப் பைதன் தொகுதி சில வரிகளில் அவற்றைப் புள்ளிகளாக்கித் தரும். ஆழமான இடத்துக்குச் சிவப்பு, மற்றதுக்குப் பச்சை. போனிலும் திறந்து பார்க்கலாம்.

"கூகுள் மேப் இருக்கே சேர்" என்பீர்கள். அது பாதையைக் காட்டும். போன மாரியில் அந்த மதகில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று காட்டாது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. நமது பகுதி ஏறத்தாழ அகலாங்கு 7.4, நெட்டாங்கு 81.8. இரண்டையும் மாற்றிப் போட்டால் நமது மதகு வட துருவக் கடலில் போய் விழும்! தசமத்தில் இரண்டு தானம் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீற்றர் வரை பிசகலாம். நான்கு தானம் எழுதினால் பத்து மீற்றரளவுக்குச் சரியாக வரும். தனியாக வாழும் பெண்கள், நோயாளிகளின் வீடுகளைப் பொது வரைபடத்தில் குறிக்கவே கூடாது. அந்த விபரம் கிராம உத்தியோகத்தரிடமும் பள்ளிவாசல் நிருவாகத்திடமும் இருந்தால் போதும்.

இந்தப் படம் இன்றைய தண்ணீரைச் சொல்லாது. அதை நம்பி யாரும் வெள்ளத்தில் இறங்க வேண்டாம். ஆனால் எங்கே முதலில் கயிறு கட்டுவது, எங்கே படகை நிறுத்துவது, எந்த மதகைத் திருத்தச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் பேசுவது என்று தீர்மானிக்க உதவும். வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் விழும் சிவப்புப் புள்ளியைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

மாரிக்கு முன் உங்கள் வீட்டு மூத்தவரோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் செய்வார்கள், இன்ஷா அல்லாஹ்.